பாய்லர் தாத்தா பதில்கள்: இந்த முறை முழுக்க நீராவிக் கார்

போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் பாய்லர் ஃபிட்டராக இருந்துவிட்டு, இப்போது மாசசூசெட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரிடம் 1913-ம் வருஷத்து ஸ்டான்லி நீராவிக் கார் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவர் ஷெட்டுக்குப் போய்க் கையைக் கரியாக்கிக்கொண்டு வருகிறேன். அதன் பானெட்டைத் திறந்தால் இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கினது போல முகத்தில் அடிக்கும். எழுதினது அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதமா! கிரைண்டர் பெல்ட்டும் கீஸர் காயிலும் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: தாத்தா, இன்ஜின் அறை அவ்வளவு சூடாக இருந்தால் ஓட்டுபவர் எப்படித் தாங்குவார்? அதைக் குளிர வைக்கத்தான் சுற்றிலும் கம்பளி மாதிரி எதையோ சுற்றுகிறார்களா?
– பொறியியல் மாணவி, திண்டுக்கல்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. ஸ்டான்லி காரில் பானெட்டுக்குள் இன்ஜினே கிடையாது. இன்ஜின் பின்னால், இரண்டு சிலிண்டரோடு பின் அச்சிலேயே பல்சக்கரம் கோத்துப் படுத்துக்கிடக்கிறது. முன்னால் இருப்பது பாய்லர். நம்ம ஊர் கல்யாணச் சமையல் அண்டா அளவு என்று வைத்துக்கொள். 23 அங்குல விட்டம், உள்ளே எழுநூறுக்கு மேல் மெல்லிய குழாய்கள், அழுத்தம் தாங்குவதற்காக வெளியே பியானோக் கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றியிருக்கிறார்கள். அடியில் பர்னர். நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு வரை போகும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ்.

இப்போது உன் கேள்வி. சுற்றுவது குளிர வைக்க இல்லை. சூட்டை உள்ளேயே பிடித்துவைக்க. பெட்ரோல் காரில் இன்ஜினுக்கு வெப்பம் வேண்டாத விருந்தாளி. ரேடியேட்டர் வைத்து விரட்டுகிறோம். இங்கே வெப்பம்தான் சம்பளம். காசு கொடுத்து வாங்கின எரிபொருளை எரித்துச் சம்பாதித்ததைத் தெருவில் விட யாருக்கு மனசு வரும்? ஓட்டுபவர் காலில் சூடு குறைவது கூடக் கிடைக்கும் லாபம். அதுவும் இந்த ஊர் ஜனவரியில் அந்தச் சூடு லாபமா நஷ்டமா என்பதே சந்தேகம்; பெரியவர் பனிக்காலத்தில் பானெட் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

எல்லா நீராவிக் காரும் ஒரே அமைப்பு இல்லை. கிளீவ்லாந்தில் தையல் மிஷின் செய்துகொண்டிருந்த ஒயிட் கம்பெனியும் 1911 வரை நீராவிக் கார் செய்தது. அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் 1909-ல் வெள்ளை மாளிகைக்கு ஒன்று வாங்கினார். அதில் இன்ஜின் முன்னால், நீராவி உண்டாக்கும் சுருள்குழாய் முன் சீட்டுக்கு அடியில். அங்கே கேட்கலாம் உன் கேள்வியை! ஓட்டுபவர் கொதிகலன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கே: எங்கள் மில்லில் பாய்லர் லைனுக்கு இரண்டு அங்குலம் லாகிங் (சூடு வெளியே போகாமல் சுற்றும் உறை) போடுகிறோம். காரில் அவ்வளவு இடம் இருக்காதே. எத்தனை கனம் போட்டால் போதும்?
– பாய்லர் அட்டெண்டென்ட், கோயம்புத்தூர்

தொழில் தெரிந்தவர் கேட்கிறீர்கள், கணக்கோடே சொல்கிறேன். ஒரு மத்தியானம் பெரியவர் ஷெட்டில் சிமெண்டுத் தரையிலேயே சாக்கட்டியால் போட்ட கணக்கு இது. 23 அங்குலப் பாய்லரின் சுற்றுப்பக்கப் பரப்பு சுமார் முக்கால் சதுர மீட்டர். 250 டிகிரியில் ஒன்றுமே சுற்றாமல் விட்டால், கதிர்வீச்சாகவும் காற்றில் ஏறியும் போகிற வெப்பம் மூன்று கிலோவாட்டுக்கு மேல். மூன்று இஸ்திரிப்பெட்டியை ஃபுல்லில் வைத்துவிட்டுக் கடைக்குப் போன மாதிரி. ஒரு அங்குலம் நல்ல செராமிக் வுல் (சூடு தாங்கும் பீங்கான் வகை நார்ப் பஞ்சு) சுற்றினால் அது சுமார் முந்நூறு வாட்டுக்கு இறங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு. அதன் மேல் இன்னொரு அங்குலம் சுற்றினால்? மேற்கொண்டு நூறு, நூற்றைம்பது வாட் மிச்சம், அவ்வளவுதான். முதல் அங்குலம் சோறு, இரண்டாவது அங்குலம் ஊறுகாய். காரில் இடம் இருந்தால் ஒன்றரை போடுங்கள். பானெட்டை மூட முடியாமல் இரண்டு போட வேண்டாம்.

குழாய் விஷயம் வேறு. பாய்லரிலிருந்து போகும் பென்சில் கனத்துக் குழாய்களில் பழைய ஆட்கள் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டிருப்பார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் கல்நார் சுமாரான தடுப்பான்தான். மெல்லிய குழாயில் அதை லேசாகச் சுற்றினால் வெளிப்பரப்பு இரண்டு மடங்காகிறது, காற்றுக்குச் சூட்டைக் கொடுக்க இடமும் இரண்டு மடங்காகிறது. தடுத்தது ஒரு கை, கொடுத்தது ஒரு கை. கடைசியில் சுற்றாமல் விட்டதற்கும் சுற்றினதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மெல்லிய குழாயைச் சுற்றுவதானால் நல்ல பொருளில், அரை அங்குலத்துக்குக் குறையாமல் சுற்றுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பின்னால் இருக்கும் சிலிண்டரை மறக்க வேண்டாம். சிலிண்டர் ஆறினால் உள்ளே வரும் நீராவி வேலை செய்யாமலே தண்ணீராகிவிடும். ஜேம்ஸ் வாட் 1769-ல் வாங்கிய காப்புரிமையிலேயே, சிலிண்டரை நீராவி அளவுக்குச் சூடாக வைக்க மரத்தாலோ வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் வேறு பொருளாலோ உறை போடச் சொல்லியிருக்கிறார். கார்க்காரர்கள் பானெட்டுக்குள் காட்டும் அக்கறையில் பாதியைக் கூடப் பின்னால் காட்டுவதில்லை. குனிந்து படுத்துச் செய்ய வேண்டிய வேலை அல்லவா!

கே: ஐயா, நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 1901-ம் வருஷத்து லோகோமொபில் நீராவிக் கார் ஒன்று வாங்கியிருக்கிறோம். லண்டன்–பிரைட்டன் பழங்கார் ஓட்டத்தில் ஓட்ட ஆசை. சீட்டைத் தூக்கினால் பாய்லரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் காய்ந்த மாவு மாதிரி அப்பியிருக்கிறது. தொட்டால் உதிர்கிறது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்யலாமா?
– வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

தொடாதீர்கள். சீட்டை இறக்கி வையுங்கள். ஷெட் கதவைச் சாத்துங்கள். அப்புறம் மேலே படியுங்கள்.

நீங்கள் சொல்வது கல்நாராக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் பாய்லர் என்றால் கல்நார்தான். மெக்னீசியம் கார்பனேட் கலந்த லாகிங்கிலும் பிடிமானத்துக்குக் கல்நார் நாரைச் சேர்த்தார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நானும் சொல்ல மாட்டேன். சோதனைக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உரிமம் உள்ள ஆட்களை வரவழைத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், கல்நார்தான் என்றால் அவர்களே அகற்றட்டும். விளக்குமாறு, வீட்டு வாக்குவம் கிளீனர் இரண்டும் கூடாது. வாக்குவம் கிளீனரின் பை அந்த நாரைப் பிடிக்காது. வீடு முழுக்க ஊதிவிடும்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எழுபதுகளில் நான் அப்ரண்டிஸாக இருந்தபோது கல்நார்ப் பொடியைத் தண்ணீர் விட்டு வடகத்துக்கு மாவு பிசைகிற மாதிரி கையால் பிசைந்து பாய்லரில் அப்புவோம். உலர்ந்ததும் மட்டப்பலகையால் தேய்ப்போம். முடி, புருவம் எல்லாம் வெள்ளை. வீட்டுக்குப் போனால் என் மனைவி சட்டையை வாசலில் நாலு உதறு உதறித்தான் துவைப்பாள். யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அந்த நார் நுரையீரலில் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வேலையைக் காட்டும் என்பதை நான் ஓய்வு பெறும் காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. என்னோடு பிசைந்தவர்களில் இரண்டு பேருக்கு அப்படி இல்லை. உதறினவளை நினைத்துத்தான் இன்னும் வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறேன், திட்டிக்கொண்டே வருகிறாள்.

சரி, பழையது போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே புதிதைச் சுற்றிவிடாதீர்கள். வெறும் பாய்லரை அழுத்தச் சோதனை செய்து, அப்புறம் ஒருமுறை நீராவி ஏற்றி, எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லாகிங் போட்ட பிறகு கசிவைக் கண்டுபிடிப்பது போர்வைக்குள் கொசுவைத் தேடுவது மாதிரி.

சுற்றுவதற்கு என் விருப்பம், கால்சியம்–மெக்னீசியம் சிலிகேட் வகை வுல். கடையில் 'ஏ.ஈ.எஸ். பிளாங்கெட்' என்று கேளுங்கள். ஒரு அங்குலக் கனத்தில் சுருளாகக் கிடைக்கும், ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும். பழைய வகை செராமிக் வுல்லும் அதே வெப்பம் தாங்கும். ஆனால் அதன் நார் உடம்பில் கரையாமல் நெடுநாள் தங்குவதால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. ஏ.ஈ.எஸ். நார் அதைவிடச் சீக்கிரம் கரைந்துவிடும். அதற்காக முகமூடி இல்லாமல் வெட்டலாம் என்று அர்த்தமில்லை. ராக் வுல்லும் போதும், விலையும் குறைவு. ஆனால் அதை ஒட்டிவைத்திருக்கும் பசை முதல் இரண்டு மூன்று தடவை சூடேறும்போது எரிந்து நாறும். சீட்டுக்கு அடியில் பாய்லர் வைத்த வண்டியில் அந்த வாசனையோடு பிரைட்டன் வரை அறுபது மைல் போவது உங்கள் மூன்று பேரின் நட்புக்குச் சோதனை. வீட்டுக் கூரைக்குப் போடும் மஞ்சள் கிளாஸ் வுல் மட்டும் வேண்டாம்.

வுல்லை ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டுங்கள், இறுக்கி அமுக்காமல். அதன் தடுக்கும் சக்தியே உள்ளே அடைபட்ட காற்றுதான். ஒரு அங்குலத்தை அரை அங்குலமாக நசுக்கினால் பாதிக் காசு தண்டம். மேலே கண்ணாடி இழைத் துணி, அதற்கு மேல் மெல்லிய தகட்டு உறை. அசல் மாதிரி தெரிய வேண்டும் என்றால் தகடு பித்தளையா, பெயிண்ட் அடித்த இரும்பா என்று சண்டை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த நடுவரும் கிழித்துப் பார்க்க மாட்டார்.

அடி விளிம்பில் விரல் அகலம் மூடாமல் விடுங்கள். கசிந்தால் அங்கேதான் சொட்டும். நனைந்த லாகிங்கைப் போல மோசமானது வேறு கிடையாது. ஈரக் கரித்துணியால் சட்டியை இறக்கிப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சூடும் போகும், உள்ளே இரும்பும் வெளியே தெரியாமல் அரிக்கும்.

கே: முழுவதையும் இடைவெளி இல்லாமல் மூடிவிட்டால் இன்னும் நல்லதுதானே? ஏன் ஆங்காங்கே திறந்து விடுகிறார்கள்?
– வாசகர், சிங்கப்பூர்

வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். சுற்றத் தெரிந்தவன் ஆயிரம் பேர். எதைச் சுற்றக்கூடாது என்று தெரிந்தவன்தான் ஃபிட்டர்.

ஸ்டான்லியின் பர்னர் முன்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது. எரிபொருள் ஆவி சிறு துளை வழியே பீய்ச்சிக்கொண்டு குழாய்க்குள் போகும்போது காற்றையும் சேர்த்து இழுத்துப் போகும். அந்தக் குழாய் வாயைச் சுற்றி வுல் திணித்தாலோ, தகடு அடித்துக் காற்றோட்டத்தை நெருக்கினாலோ பர்னர் ஊளையிட ஆரம்பிக்கும். சில சமயம் சுவாலை பின்வாங்கிக் குழாய்க்குள்ளேயே புகுந்து எரியும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நான் ஷெட்டுக்கு வெளியே நின்றேன். எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியாது. பெரியவர் நிதானமாக எரிபொருளை மூடிவிட்டு, 'டீ சாப்பிடலாமா' என்றார்.

பாதுகாப்பு வால்வு, தண்ணீர் மட்டம் காட்டும் கருவி, உருகு அடைப்பான் (தண்ணீர் வற்றினால் உருகி எச்சரிக்கும் அடைப்பு), வால்வுகளின் கைப்பிடி, எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரிய வேண்டும். அழுத்தம் ஏறியதும் எரிபொருளைத் தானாகக் குறைக்கும் கருவி ஒன்று உண்டு, அதையும் மூடக்கூடாது. அப்புறம் ஜாயின்ட்டுகள். இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். ஒரு நீராவி லைனில் யூனியன் ஜாயின்ட்டையும் (இரண்டு குழாயை நட்டு போட்டு இணைக்கும் இடம்) சேர்த்துச் சீராகச் சுற்றிவிட்டேன். போர்மேன் பார்த்துவிட்டு, 'ரொம்ப அழகா இருக்கு, கழட்டு' என்றார். நான் கழட்டவில்லை, அவர் அடுத்த பக்கம் போய்விட்டார். நீராவியோடு சிலிண்டர் எண்ணெயும் போகும் லைன் அது. மூன்று வாரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து லாகிங் முழுக்க ஊறியிருக்கிறது. ஒரு ராத்திரி ஷிஃப்டில் வடைச் சட்டி தீய்ந்த வாசனை. தீப்பொறி எதுவும் பக்கத்தில் இல்லை. எண்ணெய் ஊறிய நார் சூட்டில் மெல்ல மெல்லத் தானே வெந்து, உள்ளுக்குள் கனிந்துகொண்டிருந்தது. பிரித்ததும் காற்றுப் பட்டு பற்றிக்கொண்டது. எண்ணெய் தனியாகப் பற்றிக்கொள்ள வேண்டிய வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே ஊறிய லாகிங் பற்றும் என்பதை அன்று கற்றேன். நீராவிக் காரில் எண்ணெயோடு மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேறு இருக்கிறது. ஆகவே யூனியன் இரண்டு பக்கமும் நாலு அங்குலம் முன்னாலேயே லாகிங்கை முடித்துவிடுங்கள். எரிபொருள் குழாய்க்கு அடியில் பஞ்சே இருக்கக்கூடாது.

மரச்சட்டத்துக்கும் பாய்லருக்கும் நடுவே வுல்லைத் திணிப்பதைவிடப் பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றை இரண்டு பக்கமும் அரை அங்குலக் காற்று விட்டு நிறுத்துவது மேல். பளபளப்பாக இருக்கும்வரை விழும் வெப்பக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருப்பி அனுப்பும். கரியும் எண்ணெயும் படிந்தால் அந்த வித்தை போய்விடும். எனவே மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும். சாம்பல் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்காதீர்கள், கீறல் விழும்.

கே: என் அம்பாசடர் வண்டியில் சைலன்சர் பைப்புக்குச் சூடு தடுக்கும் சுற்றுத்துணி போட்டால் ஏற்காடு மலையில் ஏர்லாக் ஆகாமல் இருக்குமா?
– வாசகர், சேலம்

பெட்ரோல் சூட்டில் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பதைத்தானே ஏர்லாக் என்கிறீர்கள்? கொஞ்சம் குறையும். ஆனால் மழையில் நனைந்த துணி பைப்பைத் தின்றுவிடும். ஏ.சி. பம்புக்கும் (பெட்ரோல் இழுக்கும் பம்பு, குளிர்சாதனம் இல்லை) சூடான புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு தகடு, இடையில் காற்று. அது போதும். பம்பின் மேல் ஈரத்துணி போடுகிற பழைய வைத்தியமும் தப்பில்லை.

கே: நீராவிக் கார் நம் ஊரில் ஓடியதுண்டா?
– வாசகர், சென்னை

உண்டு. மதராஸ் சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ல் ஒரு நீராவிக் கார் செய்து ஓட்டினார். மவுண்ட் ரோட்டில் மே மாதத்தில் அதில் உட்கார்ந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

கே: ஹாட்பாக்ஸில் ராத்திரி வைத்த இட்லி காலையிலும் வெதுவெதுப்பாக இருக்கிறது. நன்றாகப் போர்த்திய பாய்லர் மறுநாள் காலை அப்படியே ஓடுமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

ஹாட்பாக்ஸுக்கு அடியிலும் மேலேயும் ஓட்டை இல்லையே அம்மா. ஸ்டான்லி பாய்லர் ஊடே எழுநூறு குழாய் போகிறது, ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் புகைபோக்கி. பக்கவாட்டில் எவ்வளவு போர்த்தினாலும், நெருப்பு அணைந்த பிறகு குளிர்காற்று அடியில் நுழைந்து குழாய் வழியே சூட்டை அள்ளிக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் பெரிய பர்னரை அணைத்துவிட்டுச் சின்ன பைலட் சுடரை மட்டும் ராத்திரி முழுக்க எரியவிடுவார்கள். லாகிங் நன்றாக இருந்தால் அந்தச் சுடரே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் உடனே கிளம்பலாம். ஆறிப்போன பாய்லரில் நீராவி ஏற்ற இருபது நிமிஷம், அரைமணி ஆகும். மூடின ஷெட்டில் ஆளில்லாமல் சுடரை விட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. பெரியவரும் அணைத்துவிடுவார்.

அணைத்தால் வேறு தமாஷ் நடக்கும். பாய்லர் ஆற ஆற உள்ளே நீராவி சுருங்கி வெற்றிடமாகும். அது தொட்டியிலிருக்கும் தண்ணீரைக் குழாய் வழியே உறிஞ்சிக்கொள்ளும். புதிய லாகிங் போட்ட மறுநாள், எவ்வளவு சூடு மிச்சம் என்று பார்க்க நான் காலை ஏழு மணிக்கே ஆவலாகப் போனேன். பெரியவர் ராத்திரி காற்று வால்வைத் திறந்துவிட மறந்திருக்கிறார். பாய்லர் கழுத்துவரை தண்ணீர், அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில். வெளியே வடித்துவிட்டு மறுபடி பற்றவைக்க எட்டே முக்கால் ஆகிவிட்டது.